பிழையை எங்கே வைப்பது

நம் இலக்கிய வட்டத்தில் சமீப வருஷங்களாக ரிகார்டு கேட்பது ஒரு ஆத்மார்த்தக் காரியமாகி வருகிறது. அறையில் ஒரு டர்ன்டேபிள், அலமாரியில் நூறு நூற்றைம்பது எல்.பி.கள், அதன்பின் ஒரு கட்டுரை. கட்டுரையில் தவறாமல் மூன்று வார்த்தைகள் வரும்: வெதுவெதுப்பு, உயிர்ப்பு, ஆன்மா. டிஜிட்டல் ஒலி செத்தது, ரிகார்டின் ஒலி ஜீவனுள்ளது என்று தீர்ப்பு வரும். தீர்ப்புக்கு முன்னால் விசாரணை என்று ஒன்று இருந்தாக வேண்டும். அது மட்டும் வராது. ஊசி எந்தக் கோணத்தில் தடத்தில் இறங்கியது, எத்தனை கிராம் அழுத்தத்தில், அதைத் தாங்கியிருக்கும் டோன் ஆர்மை யார் எதைக் கொண்டு சரிசெய்தார்கள் – இதைப் பற்றி ஒரு வரி இராது.

ரிகார்டு கேட்பதற்கு நான் விரோதி இல்லை. நானும் கேட்கிறவன்தான். என் விரோதம் இந்தக் கட்டுரைகளின் மனோபாவத்தோடு. ஒரு கருவியின் முன் உட்கார்ந்துகொண்டு, கருவியைப் பற்றிப் பேசுவது ரசனைக்கு இழுக்கு என்று நினைக்கிற மனோபாவம் அது. இது யந்திர விவகாரம், இதற்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன இடம் என்று கேட்கிற நண்பர்களும் அதே மனோபாவத்தின் பங்காளிகள்தான். யந்திரத்தை விட்டுவிட்டு அதன் வழியாக வந்த அனுபவத்தை மட்டும் பேசுகிறவன், தன்னிடம் வந்து சேர்ந்தது பாடகரின் குரலா, தன் ஊசியின் கோணலா என்று பிரித்துச் சொல்ல முடியாதவன். அவன் எழுதுவது எதுவாகவும் இருக்கட்டும், விமர்சனமாக இருக்க முடியாது.

ரிகார்டு இன்று ஏதோ நாலு பேருடைய பைத்தியம் இல்லை. 2022இல் அமெரிக்காவில் விற்ற எல்.பி.களின் எண்ணிக்கை ஸி.டி.களின் எண்ணிக்கையை மிஞ்சியது; 1987க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அதே 2022 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. ஆதி ஒலிநாடாவிலிருந்து எடுத்த ரிகார்டுகளுக்குப் பேர்போன மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், தன் தயாரிப்பின் நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டத்தைப் பல வருஷங்களாக வைத்திருந்தது வெளியாயிற்று. அந்த ரிகார்டுகளைக் கேட்டு, டிஜிட்டலால் தொட முடியாத உயிர்ப்பு என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களுடைய காது காட்டிக்கொடுக்கவில்லை. கேள்வி கேட்டவர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ரிகார்டுகள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் 'உயிர்ப்பு' என்ற வார்த்தைக்குப் பின்னால் எந்த ஸ்தூலமான விஷயமும் இல்லை என்பது அன்று அம்பலமாயிற்று. நம் கட்டுரையாளர்கள் அந்தச் செய்தியைப் படித்ததற்கான அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை.

சரி, ஸ்தூலமான விஷயத்துக்கு வருவோம். ரிகார்டின் மூலத் தகட்டை வெட்டுகிற யந்திரத்தில், வெட்டும் தலை வெளிவிளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டில் அதைத் திரும்ப வாசிக்கிற டோன் ஆர்மோ ஒரு முனையில் பொருத்தப்பட்டு, கீலில் கதவு திரும்புவதுபோல் திரும்புகிறது. அதன் ஊசி ஒரு வில்லைத்தான் வரைய முடியும். நேர்கோட்டில் எழுதியதை வில்லில் வாசிக்கிறோம். ஆகவே தடத்தின் தொடுகோடும் ஊசியின் நோக்கும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கச் சாத்தியமில்லை. கடைக்காரரின் அலட்சியமோ, மலிவான சரக்கோ இதற்குக் காரணம் இல்லை. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் திரும்பும் கைக்கு இதுதான் விதி.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1924லேயே இங்கிலாந்தில் பெர்சி வில்சன், 'தி கிராமபோன்' பத்திரிகையில் இந்தக் கோணல் பற்றி எழுதிவிட்டார். பரிகாரம் இரண்டு அம்சங்கள் கொண்டது: கையின் தலைப்பகுதியை உட்பக்கமாக ஒரு கோணத்தில் வளைப்பது, ஊசிமுனை நடுக்கம்பியைச் சற்றுத் தாண்டி நீளும்படி கையைப் பொருத்துவது. இந்த இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், வில் முழுவதிலும் இரண்டே இரண்டு இடங்களில் ஊசி தடத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும். அவற்றைப் பூஜ்யப் புள்ளிகள் என்கிறார்கள். மற்ற எல்லா இடத்திலும் பிழை உண்டு. மூன்றாவது பூஜ்யப் புள்ளி கிடையாது.

1938இல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரென் இதில் முக்கியமான ஒரு அடி வைத்தார். கோணப் பிழை எத்தனை டிகிரி என்று மட்டும் பார்த்தால் போதாது, அதை அந்த இடத்தின் ஆரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றார். காரணம் இதுதான். ரிகார்டு எப்போதும் நிமிஷத்துக்கு 33⅓ தடவைதான் சுற்றுகிறது. ஆனால் வெளிவிளிம்பில், 146 மி.மீ. ஆரத்தில், தடம் ஊசியின் அடியில் விநாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. உள்விளிம்பில், சுமார் 60 மி.மீ. ஆரத்தில், 21 செ.மீ.தான். அதே ஒரு விநாடி சங்கீதம் உள்ளே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வெளியே பொறுத்துக்கொள்ளக்கூடிய அதே ஒரு டிகிரிப் பிழை, உள்ளே இரண்டரை மடங்கு சேதம் செய்யும். 1941இல் அமெரிக்காவில் பேர்வால்டும் கணக்குப் போட்டு இதே தீர்வை அடைந்தார். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அட்டைக் கோணமானிகளில் இருப்பது அவர் பெயர்தான்.

அந்தத் தீர்வு என்ன செய்கிறது என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஊசியிலிருந்து சுழல்மையம் வரை 240 மி.மீ. நீளமுள்ள கை. தலை வளைவு ஏறக்குறைய 22.9 டிகிரி, நடுக்கம்பியைத் தாண்டி 17.2 மி.மீ. பூஜ்யப் புள்ளிகள் 66.0, 120.9 மி.மீ. ஆரங்களில் விழும். வெளிவிளிம்பில் பிழை 1.8 டிகிரி, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எதிர்த்திசையில் சுமார் 1.06 டிகிரி; உள்விளிம்பில் 0.74 டிகிரி. எண்கள் வேறு வேறாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் ஆரத்தால் வகுத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விநாடிக்கு 10 செ.மீ. உச்ச வேகமுள்ள ஒலிக்கு, மூன்று இடங்களிலும் விகாரம் சுமார் 0.6 சதவீதம். அதாவது பேர்வால்ட் பிழையை ஒழிக்கவில்லை. மூன்று இடங்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்.

பங்கிடுவதற்கு இது ஒன்றே வழியா? இல்லை. லோஃப்கிரெனே இரண்டாவது தீர்வு ஒன்றும் கொடுத்திருக்கிறார். பூஜ்யப் புள்ளிகள் 70.3, 116.6. அதில் ரிகார்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி விகாரம் குறைகிறது; பதிலாக இரண்டு ஓரங்களிலும் கூடுகிறது. 1966இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் ஸ்டீவன்சன் வேறொன்று சொன்னார். உட்பக்கப் பூஜ்யப் புள்ளியை உள்விளிம்பிலேயே, 60.3 மி.மீ.இல் வைத்துவிடு என்றார். கடைசித் தடம் சுத்தமாக இருக்கும். வெளியேயும் நடுவேயும் கொஞ்சம் அதிகமாகச் சகித்துக்கொள்ள வேண்டும்.

மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் கணிதத்தில் இல்லை. நீ எந்த ரிகார்டைக் கேட்கிறாய் என்பதில் இருக்கிறது. ராவெலின் 'பொலேரோ' மெல்லிய முரசொலியில் ஆரம்பித்துக் கால் மணி நேரம் விடாமல் ஏறி, முழு வாத்தியக் கோஷ்டியின் உச்ச கோஷத்தில் முடிகிறது. ரிகார்டில் அதன் மெல்லிய தொடக்கம் விசாலமான வெளித் தடத்தில், உச்சம் மிக நெருக்கடியான உள் தடத்தில். இந்த அபத்தத்தைப் பொறுக்காமல் ஜெர்மனியின் டாசெட் நிறுவனம் உள்ளிருந்து வெளியே ஓடும்படி ஒரு 'பொலேரோ'வை வெட்டி வெளியிட்டது. நம் கர்நாடக எல்.பி.யிலும் அதே கதைதான். ஒரு பக்கம் முழுவதும் ஒரே ராகம் என்றால், ஆலாபனை அகலமான தடத்தில் நிதானமாகப் போகும். ஸ்வரங்கள் குவிந்து, மிருதங்கம் கோர்வையில் இறங்குகிற இடம் லேபிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைக் கேட்பவனுக்கு ஸ்டீவன்சன் அர்த்தமுள்ளவர். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சினிமாப் பாட்டுக்கள் உள்ள ரிகார்டைக் கேட்பவன் பேர்வால்டின் சமபங்கீட்டோடு நிம்மதியாக இருக்கலாம். கோணமானியைக் கையில் எடுக்கும்போதே நாம் ஒரு சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். தேர்ந்தெடுக்கிறோம் என்ற பிரக்ஞை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'உயிர்ப்பு'க் கட்டுரையாளர்களுக்கு எதிர்முகாம் ஒன்று உண்டு. அவர்களிடம் கோணமானி இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது, 0.01 கிராம் காட்டும் தராசு இருக்கிறது. நான் அவர்கள் பக்கம் என்று இதுவரை படித்தவர்கள் நினைத்திருந்தால், அது இல்லை. அவர்களுடைய மூடநம்பிக்கை வேறு வகை. கோணமானியில் அச்சிட்ட கோடு அவர்களுக்கு உண்மை. அதற்குப் பொருந்தாத கை பொய்.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 அவர்களுடைய நிரந்தரக் குற்றவாளி. 1972இல் வந்த யந்திரம். 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் திரும்ப வந்தது. அதில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தக் கம்பெனி சொல்லும் முறை எளிமையானது: ஹெட்ஷெல்லின் பின்முனையிலிருந்து ஊசிமுனை 52 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவியும் உண்டு. பேர்வால்ட் அட்டையை வைத்துப் பார்த்தால் அந்த 52 மி.மீ. பொருந்தாது. உடனே டெக்னிக்ஸ்காரர்களுக்கு ஜியோமெட்ரி தெரியவில்லை என்று தீர்ப்பு. கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள் ஏறக்குறைய 3 மி.மீ. முன்னே தள்ளி, ஒன்றரை டிகிரிக்கு மேல் திருகி வைத்துவிட்டு, இப்போதுதான் திரை விலகியது என்று சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கையின் நீளம் 230 மி.மீ., தாண்டல் 15 மி.மீ., வளைவு 22 டிகிரி. பூஜ்யப் புள்ளிகள் 58.8, 113.5 மி.மீ. என்று வருகின்றன. ஸ்டீவன்சன் வைத்த இடத்துக்கு வெகு அருகில். வெளிவிளிம்பில் பிழை 2.6 டிகிரி, பேர்வால்ட் அமைப்பில் 1.9 டிகிரியாக இருந்திருக்கும். வெளியே கொஞ்சம் விட்டுக்கொடுத்து உள்ளே காப்பாற்றியிருக்கிறார்கள். இது அறியாமை இல்லை, ஒரு முடிவு. அந்த முடிவோடு சண்டை போடலாம். சண்டை போடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அட்டையில் கோடு வேறாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. அட்டையை அச்சிட்டவனும் ஒரு முடிவுதான் எடுத்திருக்கிறான், உன்னைக் கேட்காமல்.

அப்படியானால் வளையாத கையே வேண்டாம், நேர்கோட்டில் நகரும் கையை வாங்கிவிடலாமே என்பார்கள். வந்திருக்கிறதுதான். டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்ஸன் 1972இல் வெளியிட்ட பியோகிராம் 4000, கை முழுவதையும் மோட்டாரால் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஆனால் மோட்டார் எப்போது நகர்த்த வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? கை கொஞ்சம் கோணிய பிறகுதான். கோணலைக் கண்டு, அதைத் திருத்தி, மறுபடி கோண விட்டு, மறுபடி திருத்திக்கொண்டே போகிறது. பிழை மிகச் சிறியதாகிறது, உண்மை. இல்லாமல் போவதில்லை.

மூன்றாவது கூட்டம், எல்லாவற்றுக்கும் காதுதான் பிரமாணம் என்பவர்கள். இவர்கள் கோணமானியைத் தொடுவதில்லை, ஆனால் கையின் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். அரைக்கால் மி.மீ. ஏற்றியதும் வீணையின் மீட்டு துலங்கிற்று என்பார்கள். 230 மி.மீ. நீளக் கையின் சுழல்மையத்தை 4 மி.மீ. உயர்த்தினால்தான் ஊசியின் சாய்வு ஒரு டிகிரி மாறும். தடிமனான ரிகார்டுக்கும் மெல்லியதற்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கால் டிகிரிதான். ரிகார்டை வெட்டியவன் எந்தச் சாய்வில் வெட்டினான் என்று உறையில் போடுவதுமில்லை. கையை உயர்த்தும்போது ஊசியின் அழுத்தம் மாறியிருக்கலாம். ரிகார்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். இரண்டாவது தடவை கேட்கும் காது முதல் தடவை கேட்ட காதும் இல்லை. என்ன மாறியது என்று தெரியாமல், மாறியதற்குக் காரணம் மட்டும் தெரிகிறதாம்.

காதுக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. காதுக்கு முந்திய வேலைகள் உண்டு, அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரசமட்டம் வைத்து யந்திரத்தைச் சமதளமாக்க வேண்டும். எதிர் எடையைத் திருகி, கை காற்றில் மிதக்கும்படி சமன் செய்து, அங்கிருந்து கார்ட்ரிட்ஜ் கேட்கும் அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு தாண்டல். பிறகு கார்ட்ரிட்ஜின் திருப்பம், பூஜ்யப் புள்ளிகள் இரண்டிலும் வைத்துப் பார்த்து. பிறகு கை ரிகார்டுக்கு இணையாக நிற்கிறதா என்ற உயரம். பிறகு முன்னிருந்து பார்த்தால் ஊசி செங்குத்தாக நிற்கிறதா என்பது. அடியில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்தால் ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஸ்டீரியோத் தடத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு ஒலிகள் இருப்பதால், ஊசி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு காதுக்குரியது இன்னொரு காதில் கசியும். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டிங். இவ்வளவும் முடிந்த பிறகு அழுத்தத்தை மறுபடி அளக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை இரண்டு மி.மீ. முன்னே நகர்த்தியவன் எடையையும் மாற்றிவிட்டான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். ஆகவே ஒரு சுற்றில் முடியாது, இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். காது வர வேண்டியது இதற்கப்புறம்.

இந்த வரிசையை அலட்சியப்படுத்துவதன் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால், மேலே சொன்ன 240 மி.மீ. கையில் கார்ட்ரிட்ஜை வெறும் 3 மி.மீ. பின்னால் வைத்துப் பாருங்கள். உள்விளிம்பில் 0.74 டிகிரியாக இருந்த பிழை எதிர்த்திசையில் 2 டிகிரிக்கு மேல் போகிறது. விகாரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. பாட்டின் முடிவில் ஸகரங்கள் எல்லாம் சீறும். அந்தச் சீறலைப் 'பழைய ரிகார்டின் வசீகரம்' என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆன்டி-ஸ்கேட்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எண்களை நம்புகிறவர்களும் அடங்கிப் போக வேண்டும். தலை வளைந்த கையில், தடத்தின் உராய்வு ஊசியை இழுக்கும் திசை சுழல்மையத்தின் வழியாகப் போவதில்லை. அதனால் கை எப்போதும் உள்ளே இழுபடுகிறது. ஊசி உட்சுவரை அதிகமாகவும் வெளிச்சுவரைக் குறைவாகவும் அழுத்துகிறது. வெளியே இழுக்க ஒரு ஸ்பிரிங்கோ, நூலில் தொங்கும் எடையோ, காந்தமோ வைக்கிறார்கள். ஆனால் உராய்வு ஒரே அளவாக இருப்பதில்லை. தடத்தில் ஒலி பலமானால் கூடும், மெலிந்தால் குறையும். ஊசியின் வடிவத்துக்கும் வினைலின் தன்மைக்கும் ஏற்ப மாறும். ஸ்பிரிங்குக்கு இதெல்லாம் தெரியாது. தடமே இல்லாத வழுவழுப்பான தட்டில் ஊசியை இறக்கி, அது நகராமல் நின்றால் சரி என்பவர்கள் இருக்கிறார்கள். தடத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஊசி படும் பாடு ஒன்று, வழுவழுப்பான பரப்பில் அதன் முனை சறுக்குவது இன்னொன்று. இங்கே கிடைப்பது ஒரு உத்தேசம்தான். உத்தேசம் என்று தெரிந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு, கேட்டால் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவருக்கு என் பதில் கடுமையானது. புஸ்தகத்தைத் தப்பாகப் படித்தால் புஸ்தகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்தவன் சரியாகப் படித்துக்கொள்ளலாம். ரிகார்டு அப்படி இல்லை. ஊசி வைரம், தடம் வினைல். ஒவ்வொரு வாசிப்பும் தடத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. தேய்ந்து விளிம்பு கூரான ஊசி, உயர்ந்த ஸ்வரங்களை மிக நுண்ணிய நெளிவுகளாக வைத்திருக்கும் சுவரைச் செதுக்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை உள்விளிம்பில் ஒரு மி.மீ.இல் ஐம்பதில் ஒரு பங்குதான் நீளம். அது ஒரு தடவை போனால் போனதுதான். அழுத்தம் குறைவாக இருந்தால் ரிகார்டுக்கு நல்லது என்பதும் பாமரத்தனம். கார்ட்ரிட்ஜ் கேட்பதைவிடக் குறைத்தால், பலமான இடங்களில் ஊசி தடத்தை விட்டு எகிறிச் சுவரில் திரும்ப மோதும். பெட்டிபோல் மூடித் தூக்கிப் போகும் மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் ஐந்து கிராம், அதற்கு மேலும் அழுத்தம். திருத்துவதற்கு ஒரு திருகுகூடக் கிடையாது. நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் இரண்டு கிராமில் வேலை செய்கிறது.

டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்த கர்நாடக எல்.பி.களில் எத்தனையோ மறுபடி வெளிவரவில்லை. வெளிவந்தவற்றிலும் சில, யாரோ ஒருவர் வீட்டு ரிகார்டிலிருந்தே எடுக்கப்பட்டவை; பழைய தேய்மானமும் சேர்ந்து அச்சாகியிருக்கும். இப்படிப்பட்ட ஒரு ரிகார்டைப் பழைய புஸ்தகக் கடையில் தற்செயலாகக் கண்டெடுத்து, நாள்தோறும் கோணல் ஊசியால் உழுது, அந்த உழவின் சத்தத்துக்கு 'ஆன்மா' என்று பேர் வைக்கிறவனை நான் ரசிகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரதியை அழித்துக்கொண்டே பிரதியைப் புகழ்கிறவன் அவன்.

இதை எழுதும்போது எனக்கு நம் விமர்சன உலகம் நினைவில் இல்லாமல் இல்லை. 1959இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து அலசலா ரசனையா என்று ஒரு சண்டை நடந்து வந்திருக்கிறது. செல்லப்பா அலசல் என்றார், க.நா.சு. ரசனை என்றார், பட்டியல் போட்டார். பின்னால் வந்தவர்கள் இரண்டில் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு மற்றதைக் கேலி செய்தார்கள். இருவரிடமிருந்தும் எடுத்திருக்க வேண்டியதை யாரும் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். எந்த அளவையும் கவிதையின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை ஒரே மாதிரி பொருந்தாது. சிறுகதைக்கு நேராக நிறுத்திய கை நாவலில் கோணும். இறுக்கமான கவிதைக்கு நேராக நிறுத்தியது நெடும் புலம்பலில் கோணும். அது குற்றம் இல்லை. எங்கே என் கை பொருந்துகிறது, எங்கே நான் சகித்துக்கொள்கிறேன், ஏன் அங்கே சகித்துக்கொள்கிறேன் என்று சொல்லாமலிருப்பதுதான் குற்றம். இன்றைய விமர்சனக் கட்டுரைகளில் பாதி, பூஜ்யப் புள்ளி எங்கே என்று எழுதியவருக்கே தெரியாத கட்டுரைகள். மீதிப் பாதி, எங்கிருந்தோ வரவழைத்த கோணமானியைத் தமிழ்க் கவிதை மேல் வைத்து, கவிதை பொருந்தவில்லை என்று அறிவிக்கிறவை.

லோஃப்கிரெனுடைய காரியத்தில் எனக்கு மரியாதை வருவது இதனால்தான். அவர் பிழையை மறைக்கவில்லை, அதற்கு ஆன்மா என்று பேர் சூட்டவில்லை, ஒழித்துவிட்டேன் என்று மார்தட்டவுமில்லை. எவ்வளவு பிழை, எந்த ஆரத்தில், என்ன விலைக்கு என்று எழுதி வைத்தார். யாரும் சரிபார்க்கலாம், யாரும் வேறு விதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஸ்டீவன்சன் வேறு விதமாகப் பங்கிட்டார். ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்ல வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

எனவே என் கோரிக்கை சின்னது. இனி ஒரு ரிகார்டைக் கேட்டு இந்தப் பக்கங்களில் எழுதுகிற நண்பர், கட்டுரையின் எங்காவது ஓரிடத்தில் நான்கு விஷயங்களைச் சொல்லட்டும்: கை எவ்வளவு நீளம், பூஜ்யப் புள்ளிகள் எங்கே, ஊசியில் எத்தனை கிராம், அந்த ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது. நான்கு வரி போதும். அவற்றைச் சொன்ன பிறகு ஆன்மாவைப் பற்றி அவர் எத்தனை பக்கம் எழுதினாலும் நான் உட்கார்ந்து படிப்பேன், சண்டை போடுவேன். சொல்ல மறுத்தால், ஆசிரியர் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதோடு ஒரு அட்டைக் கோணமானியையும் தபாலில் வைத்து அனுப்பலாம்.